கேள்வியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்

ஒன்று உண்மை என்று கணினியைக்கொண்டு நிறுவும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நிறுவியாயிற்று என்கிறீர்களே, கேட்ட கேள்வியை எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தீர்களா?" அநேகமானவர்கள் என்னை இரக்கத்தோடு பார்ப்பார்கள். கேள்வி இல்லாமல் எதை ஓட்டுவது? ஓய்வுபெற்ற மனிசன் எதையோ குழப்பிக்கொண்டு கதைக்கிறார் என்று நினைத்து, "யெஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். அங்கிள் இன்னும் அவ்வளவு குழம்பவில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்துவிட்டால், இனி ஒவ்வொருவராகப் பிடித்துவைத்துச் சொல்லத் தேவையில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி, மெல்பேர்ண். உங்களில் பாதிப்பேர் வீடு வாங்கியிருக்கும் ட்ருகனினாப் புறநகரில் அப்போது புல்லும் மாடுகளும்தான் இருந்தன. எங்களைப் போன்ற நிறக்காரருக்கு இந்த நாடு கதவைத் திறந்து அதிக காலம் ஆகவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்துவிட்டு, உதவித்தொகை ஒன்றில் முனைவர் பட்டம் செய்ய வந்திருந்தேன். ஆய்வு, கணினியைத் தர்க்கிக்க வைப்பது. இதை வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. டொக்டர் பட்டத்துக்குப் போகிறான் என்பது மட்டும் விளங்கியது. நான் விமானம் ஏறும் முன்னரே ஊரில் என்னை டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். வழியனுப்ப வந்த ஒரு மாமா தன் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். அதில் வலி குறைந்ததாகப் பிறகு எழுதியிருந்தார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டம் இல்லாமல் நான் திரும்பிப் போக முடியாது. உதவித்தொகையோ முடியும் தறுவாயில் இருந்தது. ஆய்வு முடியவில்லை. நீடிப்புத் தரும்படி என் பேராசிரியர் பரிந்துரைத்தால் ஒரு வருடம் கிடைக்கும். பரிந்துரைக்காவிட்டால், முழங்கால் மாமாவின் முகத்தில் விழிக்க வேண்டும்.

பேராசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர் வேண்டாம். மெலிந்த, உயரமான மனிதர். மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளில்தான் வருவார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. தமிழில் கதைத்திருந்தால் என்னை "நீர்" என்றுதான் அழைத்திருப்பார், ஆகவே இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நீடிப்பு விஷயமாகக் கேட்டபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்த ரயில்வேக் காட்சி முடியட்டும், பிறகு உம்முடைய விஷயத்தைப் பார்ப்போம்" என்றார்.

ரயில்வேக் காட்சி என்பது இதுதான். நகருக்கு வெளியே இரண்டு பாதைகள் கூடும் ஒரு ரயில் சந்தி இருந்தது. ஒரு பாதைக்குப் பச்சை விழுந்தால் மற்றப் பாதையின் நெம்புகோலை யாரும் அசைக்க முடியாதபடி பிடித்துவைக்க, அங்கே ஒரு பழைய இரும்புப் பூட்டு. அது அடிக்கடி இறுகிக்கொண்டு தொல்லை கொடுத்தது. மற்ற விதிகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது இந்தப் பூட்டு தேவைதானா, எடுத்துவிட்டால் என்ன என்று ரயில்வேக்காரர் யோசித்தார்கள். எங்கள் பேராசிரியர், அதை எங்கள் கணினி நிரலிடமே, அவர்கள் முன்னிலையிலேயே, கேட்டுக் காட்டலாம் என்று சொல்லிவிட்டார்.

நிரல் வேலைசெய்த விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். சந்தியின் விதிகளை ஒவ்வொன்றாகத் துளை அட்டைகளில் ஏற்றுவோம். பிறகு "பூட்டு இல்லாவிட்டாலும் இரண்டு ரயில்கள் மோதாது" என்று நிறுவ வேண்டுமென்றால், அதற்கு நேர் எதிரானதை, அதாவது "மோதும்" என்பதை, ஒரு அட்டையில் அடித்து விதிகளோடு சேர்ப்போம். நிரல் எல்லாவற்றையும் போட்டு உருட்டிப் பார்க்கும். எங்காவது முரண்பாடு வந்தால், "மோதும்" என்ற பேச்சால்தான் இந்தக் குழப்பம், ஆகவே மோதாது என்று முடிவுகட்டி, "நிறுவப்பட்டது" என்று ஒரு சொல்லை அச்சடிக்கும்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் சேஷாத்ரி இருந்தான். மெட்ராஸ்காரன், என்னைவிட வேகமாக நிரல் எழுதுவான், என்னைவிட மோசமாகச் சமைப்பான். நாங்கள் இருவரும் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டோம். என்னை அவன் யாழ்ப்பாணம் என்றுதான் கூப்பிடுவான். நிரலுக்கு ஜட்ஜ் ஐயா என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

ஜட்ஜ் ஐயா மாதக்கணக்காகத் தீர்ப்பே சொல்லவில்லை. விதிகளை உருட்டி உருட்டி, நினைவகம் நிறைந்து, நடுவழியில் படுத்துவிடுவார். காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. சேஷாத்ரி எதை முதலில் உருட்டுவது என்ற ஒழுங்கை மாற்றி எழுதினான். சுருக்கமான விதிகளை முதலில் எடுக்கச் சொன்னான், அவ்வளவுதான். மறுநாளே தீர்ப்பு வந்தது. நிறுவப்பட்டது. பூட்டு தேவையில்லை.

விறாந்தையில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சேஷாத்ரி தாளைக் காட்டினான். பேராசிரியர் தாளைப் பார்த்து, "நல்லது" என்றார். அவர் அதற்குமுன் எதையும் நல்லது என்று சொன்னதாக எங்கள் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

காட்சிக்கு முதல்நாள் பின்னேரம் ரயில்வேக்காரருக்கு விளக்குவதற்காக அந்த நிறுவலை வரிவரியாக எழுதிக்கொண்டிருந்தேன். மிகவும் குட்டையான நிறுவல். எழுதி முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அதில் பூட்டும் இல்லை, பச்சை விளக்கும் இல்லை, மோதலும் இல்லை. குற்றவாளியின் பெயரே இல்லாத தீர்ப்பு அது. நாங்கள் கேட்ட கேள்வியை ஜட்ஜ் ஐயா தொட்டும் பார்க்கவில்லை.

அட்டைக்கட்டிலிருந்து "மோதும்" என்ற அட்டையை மட்டும் உருவி எடுத்துவிட்டு, மீதியை ஓட்டித் தரும்படி கணினி அறை ஜன்னலில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தாள் வந்தது. நிறுவப்பட்டது.

எதை நிறுவியது? நான் ஒன்றுமே கேட்கவில்லையே.

ஏற்கெனவே சண்டை நடக்கிற வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பிவிட்டு, இவர் வந்ததால்தான் சண்டை என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்திருந்தது. எங்கள் விதிகளுக்குள்ளேயே இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. இனி யார் எதைக் கேட்டாலும் ஜட்ஜ் ஐயா அதே சண்டையைக் கண்டுபிடித்து, கேட்டவருக்குச் சார்பாகத் தீர்ப்பு எழுதிவிடுவார். சேஷாத்ரி செய்த மாற்றத்தால் அது சீக்கிரமாகக் கண்ணில் பட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை.

முட்டிக்கொண்ட இரண்டையும் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஒன்று, பேராசிரியர் தானே எழுதித் தந்த முதலாவது விதி: ஒரு பொருள் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். மற்றது ரயில்வேக்காரர் தந்தது: ஒரு ரயில் ஒரே நேரத்தில் பாதையின் இரண்டு பகுதிகளில் இருப்பதாகக் கொள்ளப்படலாம்.

சேஷாத்ரி அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரே நேரத்துல ரெண்டு இடமா? கவர்மெண்ட் ஆபீஸ்ல உக்காந்து எழுதினா இப்படித்தான்பா இருக்கும். அவங்க அட்டையைத் தூக்கிப் போடு."

"ஓம், நாளைக்கு வரேக்க அவையிட்டச் சொல்லுவம்" என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது. தர்க்கம் படிக்காத மனிதர்கள், பாவம்.

பொருள்கள் ஓர் இடத்தில்தான் இருக்கும் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. முனைவர் பட்ட மாணவர் இருவர், அந்த விதியை எழுதிய பேராசிரியர் ஒருவர்.

வீட்டுக்கு நடந்து போனோம். வழியில் ரயில்பாதையைக் கடக்க வேண்டும். மணி அடித்து, படலை சாத்திக்கொண்டது. கோதுமை ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று வந்தது. எஞ்சின் எங்களைக் கடந்து, வளைவில் திரும்பி, மறைந்தே போய்விட்டது. பெட்டிகள் வந்துகொண்டேயிருந்தன. வால் எங்கே என்று எட்டிப் பார்த்தேன், மறுபக்கம் பாலத்துக்கு அப்பாலும் பெட்டிகள்தான்.

"எவ்வளவு நீளம்பா இது!" என்றான் சேஷாத்ரி அலுப்போடு.

சொன்னவன் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். பெட்டிகள் போய்க்கொண்டேயிருந்தன.

"சேஷு," என்றேன், "இந்த ரெயின் இப்ப எங்க நிக்குது?"

"வளைவுக்கு அந்தப் பக்கம்."

"பாலத்துக்கு அங்கால?"

"அங்கேயும்தான்" என்றான் மெல்லிய குரலில்.

தர்க்கத்தில் முனைவர் பட்டம் செய்ய வந்த இரண்டுபேர், ரயிலுக்கு நீளம் உண்டு என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தோம். பக்கத்தில் நாயோடு நின்ற பெண்மணி எங்களைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஆக, ரயில்வேக்காரர் எழுதியதுதான் சரி. ரயிலை ஒரு புள்ளியாக நினைத்த முதலாவது விதிதான் பிழை. அதைப் பேராசிரியர் எழுதியிருந்தார். நாளைக் காலை அவருடைய காட்சி. அதற்குப் பிறகுதான் என் விஷயம்.

குசினியில் சேஷாத்ரி ரசம் வைத்தான். நான் கேக்குக்குப் போடுகிற காய்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்துச் சம்பல் என்ற பெயரில் ஒன்று செய்தேன். சாப்பிட்டுக்கொண்டே வழிகளைப் பார்த்தோம். பிழையான அட்டையை இரகசியமாக எடுத்துவிடலாம். ஆனால் அதை எடுத்தால் ஜட்ஜ் ஐயா பழையபடி நினைவகம் நிறைந்து படுத்துவிடுவார், காட்சிக்கு வந்தவர்கள் வெறுந்தாளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அட்டையை விட்டுவைத்தால் பொய்த் தீர்ப்பு ஒன்று அழகாக அச்சடித்து வரும்.

"காட்சி முடியட்டும்பா. அவரு உன் பேப்பர்ல கையெழுத்துப் போடட்டும். அப்புறமா மெதுவா போய்ச் சொல்லு. ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

"அவை பூட்டைக் கழட்டினால்?"

"ரெண்டு நாள்லயா? கவர்மெண்ட்டா? ரெண்டு வருஷம் ஆகும்."

அதில் நியாயம் இருந்தது, அதுதான் பிரச்சினை. எல்லா நியாயமும் அவன் பக்கம் இருந்தது. எனக்குப் பயம் மட்டும்தான் இருந்தது, அதுவும் இரண்டு பக்கமும். கையெழுத்து விழுந்த பிறகு போய்ச் சொல்ல எனக்கு வாய் வருமா என்று யோசித்துப் பார்த்தேன். நீடிப்புக் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு கிழமை போகும். பிறகு, இன்னும் சொல்லவில்லையே என்ற வெட்கத்தில் இன்னொரு கிழமை போகும். என்னை எனக்குத் தெரியும்.

காலையில் பேராசிரியரின் கதவைத் தட்டினேன். கால் நடுங்கியது, மறைக்க விரும்பவில்லை. அவர் காற்சட்டை நுனியில் மாட்டிய சைக்கிள் கிளிப்பைக் கழற்றாமலே மேசைக்கு முன்னால் இருந்தார். கேள்வி இல்லாமல் வந்த தாளை, முட்டிக்கொண்ட இரண்டு விதிகளையும் அடியில் எழுதி, முன்னால் வைத்தேன். வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இந்த முதலாவது விதியை எழுதியது யார்?"

"நீங்கள்தான், சேர்."

"தெரியும். நீர் சொல்வீரா என்று பார்த்தேன்." மறுபடி தாளைப் பார்த்தார். "ரயிலுக்கு நீளம் உண்டா?"

"உண்டு, சேர்."

"அதிகமா?"

"பார்த்தோம், சேர். அதிகம்தான்."

காட்சியை ரத்துச் செய்கிறாரா என்று கேட்டேன்.

"பிஸ்கட் வாங்கியாயிற்று" என்றார். "மூன்று கட்டு அட்டை ஆயத்தம் செய்யும். ஒன்றில், மோதாது என்று நிறுவக் கேளும். மற்றதில், மோதும் என்று நிறுவக் கேளும். மூன்றாவதில் ஒன்றும் கேட்க வேண்டாம்."

என் நீடிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரயில்வேயிலிருந்து மூன்றுபேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தார். முதல் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு, தேநீர் குடித்தபடி காத்திருந்தோம். தாள் வந்தது: மோதாது, நிறுவப்பட்டது. மூவரும் தலையாட்டினார்கள். மூத்தவர் எழுந்து பேராசிரியரின் கையைக் குலுக்கப் போனார்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் பேராசிரியர். "இன்னொரு பிஸ்கட் எடுங்கள்."

இரண்டாவது தாள் வந்தது: மோதும், நிறுவப்பட்டது. மூவரும் தலையாட்டுவதை நிறுத்தினார்கள். மூன்றாவது தாள் வந்தது. அதில் கேள்வி இருக்கவில்லை, நிறுவப்பட்டது என்பது மட்டும் இருந்தது.

மூத்தவர் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். "எங்கள் தலைமை அலுவலகத்தில் இப்படி ஒரு ஆள் இருக்கிறார்" என்றார். "எதைக் கேட்டாலும் ஓம் என்பார். அவரை மேலே மேலே உயர்த்திக்கொண்டே போகிறார்கள்."

பேராசிரியர் எழுந்து நின்று, ஒரு பொருள் ஓர் இடத்தில்தான் இருக்கும் என்று தான் எழுதியதையும், ரயிலுக்கு அது பொருந்தாது என்பதையும், தான் சைக்கிளில் வருகிறவர் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

"அப்படியென்றால், பூட்டை எடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார் மூத்தவர்.

"எங்களுக்குத் தெரியாது."

"இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய இயந்திரம்?"

"இயந்திரம் அதைச் சொல்லவில்லை" என்றார் பேராசிரியர். பிஸ்கட் தட்டோடு நின்ற என்னைக் காட்டினார். "இவர்தான் சொன்னார்."

என்னைப் பற்றி இதைவிட உயர்வாக யாரும் எங்கும் சொன்னதில்லை. பிறகு வந்த எல்லாப் பாராட்டும் இதற்குக் கீழேதான். ரயில்வேக்காரர் அதன்பின் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பூட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்த கிழமை நீடிப்பு வந்தது. ஒரு வருடம்.

சாதாரணமாக இப்படிப்பட்ட கதைகளை இங்கே நிறுத்துவார்கள். உண்மையைச் சொன்னான், பலன் கிடைத்தது, எல்லோரும் கைதட்டுங்கள். நானும் அப்படித்தான் நினைத்து, துறைச் செயலாளர் அம்மாவிடம் ஒரு பெட்டி சொக்லேட்டோடு போனேன், பேராசிரியரின் கையெழுத்தை உடனே மேலே அனுப்பி உதவியதற்காக.

"இதற்கு ஏன் நன்றி?" என்றார் அவர். "காட்சிக்கு எவ்வளவோ முதலே கையெழுத்துப் போட்டு என்னிடம் தந்துவிட்டாரே. உமக்குச் சொல்லவில்லையா?"

"இல்லையே."

"மறந்திருப்பார். சைக்கிளை இங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து போகிற மனிதர்." சொக்லேட் பெட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் சேஷாத்ரியிடம் சொன்னேன். அவன் ரசத்தைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"அப்போ நீ போய்க் கதவைத் தட்டினதுக்கும், எக்ஸ்டென்ஷன் வந்ததுக்கும் சம்பந்தமே இல்ல."

"இல்லை."

"கேள்வியை எடுத்துட்டு ஓட்டினாலும் அதே பதில்தான்."

"ஓம்."

"சரி, இதைச் சொல்லு. போய்ச் சொன்னா கையெழுத்தே போடமாட்டாருன்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா? அப்பவும் போயிருப்பியா?"

"ஓம்" என்றேன்.

"உன்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லப்பா" என்றான். "நீ எதைக் கேட்டாலும் ஓம்தான் சொல்லுவே." என் கோப்பையில் ரசத்தை ஊற்றினான்.

அந்த ஓம் சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை ஒரு வழியும் கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளைகளே, நேர்மைக்குப் பலன் உண்டு என்று என்னால் உங்களுக்கு நிறுவிக்காட்ட முடியாது. என் கையிலிருந்த ஒரே ஆதாரம் சோதனையில் தோற்றுவிட்டது. அன்று காலை அந்தக் கதவுக்கு முன்னால் நின்றபோது, கையெழுத்து விழுந்துவிட்டது என்று என் கால்களுக்குத் தெரியாது. அவை நன்றாக நடுங்கின. நான் தட்டினேன்.